கரடி நாட்டில் ஒரு காலை நடை



கரடி என்ற சொல்லைக் கேட்டதும் நம்மவரின் நினைவு வன்னிக் காட்டுக்கோ வில்பத்துவுக்கோ செல்லும். பாலைப்பழம் பழுக்கும் காலத்தில் மரக்கொம்பிலே ஏறியிருந்து பழம் தின்னும் கரிய கரடியை அப்பகுதி மக்கள் நன்கறிவர். காட்டுவழியில் அதனை எதிர்பாராத வகையிற் சந்தித்து, முகத்திலும் தலையிலும் காயமுற்று, அத்தழும்போடு வாழ்வோரும் அங்கே உளர். ஆயினும் நமது நாட்டுக் கரடி உலர் வலயத்துத் தாழ்நிலக் காடுகளிலேயே வாழ்கின்றது. ஹோட்டன் சமவெளியில் விடியற்காலையில் நடப்பவர் குளிரை எண்ணி அஞ்சலாம். கரடியை எண்ணி அஞ்சவேண்டியதில்லை.

மலையும் ஏரியும் கரடியும் ஒருங்கே சேர்ந்த நாடுகள் வேறு உள. அவற்றுள் ஒன்றிலே, ஒரு காலைப்பொழுதில், ஏறக்குறைய ஐந்து மைல் தூரம் நடந்து ஓர் ஏரியை அடைவது எப்படியிருக்கும் என்பதையே இன்று உங்களுக்குக் கூற எண்ணுகிறேன். மனக்கண்ணால் என்னுடன் கூட நடந்து வருவீர்களாக.

ஐக்கிய அமெரிக்காவின் வடமேற்கில், கனடாவின் எல்லையை ஒட்டியிருப்பது மொன்டானா மாநிலம். அங்கே கிளேசியர் தேசியப் பூங்கா இருக்கின்றது. பூங்கா என்றதும் நுவரெலியா விக்டோரியா பூங்காவைப் போல மலர்ப் பாத்திகளையும் இருக்கைகளையும் எண்ணிவிடலாகாது. பத்து இலட்சம் ஏக்கர் பரப்புள்ள மலைகளும் காடுகளும் பள்ளத்தாக்குகளும் சேர்ந்த நிலம் அது. 1910ஆம் ஆண்டு மே மாதத்தில் அது தேசியப் பூங்காவாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. அதன் கிழக்குப் பகுதி அதற்குமுன் பிளாக்பீட் என்னும் பழங்குடி மக்களுக்கு உரியதாயிருந்தது. 1895இல் ஓர் ஒப்பந்தத்தின் மூலம் அரசாங்கம் அதனை விலைக்கு வாங்கிற்று. வறுமையில் வாடிய ஒரு மக்கட்கூட்டத்திடம் வாங்கிய விலை அது என்பதை மறத்தல் தகாது. நாம் நடக்கப்போவதும் அக்கிழக்குப் பகுதியிலேதான்.

மெனி கிளேசியர் என்னும் பள்ளத்தாக்கில் நமது பாதை தொடங்குகின்றது. கிறேட் நோர்தேண் புகையிரதக் கம்பனியார், பிரயாணிகளைக் கவர்ந்திழுக்கும் பொருட்டு, சுவிற்சர்லாந்து நாட்டு மாளிகைகளின் பாணியில் 1915இல் ஒரு பெரிய ஹோட்டலை அங்கே அமைத்தனர். அந்த ஹோட்டலுக்கு அப்பால், மோட்டார் வீதி முடியும் இடத்திலிருந்து, ஐஸ்பேர்க் ஏரிக்குச் செல்லும் ஒற்றையடிப் பாதை புறப்படும். ஐஸ்பேர்க் என்றால் நீரில் மிதக்கும் பனிக்கட்டிப் பாறை. கோடையிலும் பனிக்கட்டி மிதக்கும் ஏரியாதலின் அப்பெயர் பெற்றது.

யூலை மாதக் கடைசி என்று வைத்துக்கொள்வோம். அங்கே அதுதான் நடுக்கோடை. எனினும் காலையில் கம்பளிச் சட்டை இன்றி வெளியே வர இயலாது. பாதை தொடங்கும் இடத்தில் ஓர் அறிவித்தற் பலகை நிற்கிறது. அதனை வாசியாமற் செல்பவர் அறிவிலி. இப்பாதையில் அண்மையில் கரடி காணப்பட்டதா, பாதை மூடப்பட்டுள்ளதா என்பனவற்றைக் காவல் உத்தியோகத்தர்கள் அதிலே ஒட்டிவைப்பர். ஒரு கரடி பாதையருகே இரையெடுத்துத் தங்கிவிட்டால் பாதையையே மூடிவிடுவர். நூற்றுக்கணக்கான மைல் தூரத்திலிருந்து வந்தவராயினும் திரும்பத்தான் வேண்டும். கரடிக்காக மனிதன் வழிவிடும் இடங்கள் உலகிற் சிலவே. அவற்றுள் இதுவும் ஒன்று.

முதற் கால் மைல் செங்குத்தான ஏற்றம். அதன்பின் பாதை மலைச்சரிவை அணைத்தபடி மெல்லமெல்ல உயர்கிறது. தொடக்கத்திலிருந்து ஏரிவரை ஏறவேண்டிய உயரம் 1,200 அடிக்குச் சற்று மேலேதான். சிவனொளிபாத மலையில் ஏறியவருக்கு இது ஒரு பொருட்டன்று. உடல் வருந்துவது இங்கே பெரிதில்லை. காதும் கண்ணும் விழித்திருத்தல் வேண்டும். அதுவே இந்நடையின் கடமை.

சரிவிலே மரங்கள் அதிகமில்லை. புதர்களும் புல்லும் மலர்களும் மண்டியிருக்கின்றன. நீண்ட தண்டின் நுனியில் வெண்ணிறப் பூங்கொத்தைத் தாங்கி நிற்கும் ஒருவகைச் செடிக்குக் கரடிப்புல் என்று பெயரிட்டுள்ளனர். அது புல்லுமன்று, கரடி அதனை விரும்பி உண்பதுமில்லை. கரடி விரும்புவது ஹக்கிள்பெரி முதலிய சிறு பழங்களை. நாவற்பழத்தைப் போன்ற கருநீல நிறமும் புளிப்புக் கலந்த இனிப்பும் உடையவை அவை. கோடை முதிர்ந்து அவை பழுக்குங்கால் கரடிகள் இரவுபகலாகத் தின்னும்.

அங்கே இருவகைக் கரடிகள் வாழ்கின்றன. ஒன்று அமெரிக்கக் கருங்கரடி. மற்றது கிறிஸ்லிக் கரடி. நிறத்தைக் கொண்டு இவற்றை வேறுபடுத்த முயல்வோர் ஏமாந்துபோவர். கருங்கரடி என்ற பெயருடையதிலும் தவிட்டு நிறமானவை பல உண்டு. தோளின்மேல் திமில் இருந்தால் அது கிறிஸ்லி. அத்திமில் தசையினால் ஆனது. மண்ணைக் கிளறும் முன்னங்கால்களுக்கு வலுவளிப்பது. கிறிஸ்லியின் முன்னங்கால் நகங்கள் இரண்டு முதல் நான்கு அங்குலம் வரை நீளமுள்ளவை. ஆண் கிறிஸ்லி 300 முதல் 600 இறாத்தல் வரை நிறையுடையது. அத்தனை பருமன் இருந்தும் மணிக்கு 35 மைல் வேகத்தில் ஓடவல்லது. ஆகவே ஓடித் தப்பலாம் என்ற எண்ணத்தை இப்போதே கைவிட்டுவிடுங்கள்.

அந்த நகங்கள் மனிதனைக் கிழிப்பதற்கென்று அமைந்தவையல்ல. மலைப் புல்வெளிகளிலே, பனி உருகிய ஈரம் காயுமுன், மஞ்சள் நிறமான ஒரு சிறு அல்லிப்பூ பூக்கும். அதன் கிழங்கைத் தேடிக் கரடி நிலத்தைத் தோண்டும். தோண்டிய இடம் ஏர் உழுத வயலைப்போலக் காட்சியளிக்கும். இப்பூங்காவில் ஆராய்ச்சி செய்தோர் 1998இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில், அவ்வாறு தோண்டப்பட்ட மண்ணில் செடிகளுக்கு ஏற்ற நைதரசன் அதிகரிக்கின்றது எனவும், மீண்டும் முளைக்கும் அல்லிகள் மிகுந்த விதைகளைத் தருகின்றன எனவும் காட்டினர். கரடியும் ஒருவகை உழவனே போலும்! இன்னும் உயரே, மரமற்ற கற்குவியல்களின் இடுக்குகளில், சமவெளியிலிருந்து பறந்துவரும் விட்டிற்பூச்சிகள் பகலில் ஒடுங்கிக் கிடக்கும். கரடி கற்களைப் புரட்டி அவற்றை நக்கியெடுக்கும். ஒரு நாளில் ஒரு கரடி 40,000 வரையான பூச்சிகளைத் தின்னக்கூடும் என்று கணக்கிட்டுள்ளனர்.

இவ்வளவு பாடுபட்டுக் கொழுப்பைச் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. குளிர்காலத்து ஐந்து மாதங்களும் கரடி உணவின்றிக் குகையிற் கிடக்கும். பெண் கரடி கோடையின் தொடக்கத்தில் கருத்தரித்தாலும், கரு உடனே வளர்வதில்லை. கார்த்திகை மாதமளவிலே, தாயின் உடலில் போதிய கொழுப்பு இருந்தாற்றான் அது கருப்பையிற் பதிந்து வளரத் தொடங்கும். குளிர்காலத்தின் நடுவே, ஏறக்குறைய ஓர் இறாத்தல் நிறையுள்ள குட்டிகள் பிறக்கும். கோடையில் உண்ட பழமும் கிழங்கும் பூச்சியுமே அக்குட்டிகளின் உயிர். இதனை அறிந்தவருக்கு, உண்ணும் கரடியைக் குழப்பாது விலகிச் செல்லவேண்டியதன் நியாயம் விளங்கும்.

இனி நடப்போம். வளைவு ஒன்று வருகிறது. முன்னே செல்பவர் கையைத் தட்டி, "ஏய் கரடி! ஏய் கரடி!" என்று உரக்கக் கூவுகிறார். அமைதி குடிகொண்ட மலையிலே இப்படிக் கூச்சலிடுவது நாகரிகமுள்ள மனிதருக்குக் கூச்சத்தைத் தருவதுதான். ஆயினும் அங்கே அதுவே மரியாதை. கரடிக்கு மனிதரைச் சந்திப்பதில் விருப்பமில்லை. குரல் கேட்டால் விலகிவிடும். குரல் கேளாமல், இருபது அடி தூரத்தில் திடீரென எதிர்ப்பட்டால், அதிலும் குட்டிகளோடு நிற்கும் தாயாயிருந்தால், அது விலகுவதற்குப் பதிலாகத் தாக்கும். கடைகளில் விற்கும் சிறு மணிகளைப் பையிலே கட்டிக்கொண்டு செல்வோரைக் காணலாம். அவற்றின் ஓசை தூரம் செல்லாது. மனிதக் குரலே சிறந்தது. அருவி இரையும் இடத்திலும், காற்று எதிர்முகமாக வீசும் போதும், குரலை இன்னும் உயர்த்தல் வேண்டும். ஏனெனில் அப்போது நமது ஒலியும் வாடையும் கரடியைச் சென்றடைவதில்லை. தனியே செல்வதினும் நால்வர் ஐவராகச் சேர்ந்து செல்வது நன்று. கரடியைத் தூரத்திற் கண்டாலும் நூறு யாருக்குக் குறையாத தொலைவில் நிற்கவேண்டும் என்பது பூங்கா விதி.

இடுப்பு வாரிலே ஒரு பேணி தொங்குகிறது. அதற்குள் இருப்பது என்ன தெரியுமா? நமது மிளகாயின் காரம்! மிளகாய்க்கு உறைப்பைத் தரும் பொருளைப் பிரித்தெடுத்து, அழுத்தங் கொடுத்து அடைத்திருக்கிறார்கள். பாய்ந்துவரும் கரடியின் முன்னே இருபத்தைந்து முப்பது அடி தூரத்துக்கு அது புகைபோலப் பரவும். கண்ணும் மூக்கும் எரிய, கரடி திரும்பிவிடும். 1980களில் மொன்டானாப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சிகளிலிருந்து இம்முறை வளர்ந்தது. அலாஸ்கா மாநிலத்து நிகழ்ச்சிகளைத் தொகுத்து 2008இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இதனைப் பயன்படுத்திய சந்தர்ப்பங்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவற்றில் கரடி தன் செயலை நிறுத்தியதாகக் கண்டனர். போர்த்துக்கேயர் காலத்தில் நமது அடுக்களைக்கு வந்து சேர்ந்த மிளகாயின் தாயகம் அமெரிக்கக் கண்டமே. அது தன் தாயகத்தில் இப்படியொரு பணியும் செய்கின்றது. ஆனால் கரடி விரட்டி என்று எண்ணி, நுளம்பு மருந்தைப்போல அதனைத் தங்கள் உடைமீது பூசிக்கொள்ளலாகாது. அது கரடியின் முகத்துக்கு உரியது.

இரண்டரை மைல் நடந்ததும் தார்மிகன் நீர்வீழ்ச்சி. மரநிழலில் அமர்ந்து ஏதேனும் அருந்துவதற்கு ஏற்ற இடம். அமர்ந்த சிறிது நேரத்துக்குள் தரையணில் ஒன்று காலடிக்கு வந்து, பின்னங்கால்களில் நிமிர்ந்து, பிஸ்கற்றுக்காகக் காத்திருக்கும். அதன் அழகைக் கண்டால் கொடுக்க மனம் உந்தும். கொடுக்கலாகாது. ஓர் அணிலுக்கு ஒரு பிஸ்கற்றுத் துண்டு கொடுப்பதில் என்ன பாவம் என்று கேட்பீர்கள். அதற்கு மறுமொழியாக இப்பூங்காவின் துயரம் மிக்க ஓர் இரவைச் சொல்லவேண்டியிருக்கிறது.

1967ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 13ஆம் தேதி, நள்ளிரவு கழிந்த நேரம். நாம் அமர்ந்திருக்கும் இடத்துக்கு மேற்கே, மலைத்தொடரின் மறுபுறத்தில், கிரனைட் பார்க் என்ற மலைவிடுதியின் அருகே வெட்டவெளியில் உறங்கிய ஒரு பெண்ணைக் கிறிஸ்லிக் கரடி ஒன்று கொன்றது. அதே இரவில், சில மணி நேரத்துக்குள், பல மைல் தூரத்திலுள்ள துரௌட் ஏரிக் கரையில் வேறொரு கரடி இன்னொரு பெண்ணைக் கொன்றது. இருவருக்கும் வயது பத்தொன்பது. பூங்கா ஏற்பட்ட 1910 தொடக்கம் அந்த இரவுவரை, ஐம்பத்தேழு ஆண்டுகளில், அங்கே கிறிஸ்லியினால் ஒருவரும் இறந்ததில்லை. ஐம்பத்தேழு ஆண்டுகள் நிகழாதது ஒரே இரவில் இருமுறை நிகழ்ந்தது.

மின்னலும் காட்டுத்தீயும் கரடிகளை வெறிகொள்ளச் செய்தன என்று சிலர் அப்போது காரணங் கூறினர். காரணம் அதைவிட எளியது. அதனாலேயே நெஞ்சை உறுத்துவது. கிரனைட் பார்க் விடுதியில் மிஞ்சிய உணவை விடுதியின் பின்புறத்திலே கொட்டிவந்தனர். இரவுதோறும் கரடிகள் அங்கே வந்தன. விருந்தினர்கள் விளக்கைப் பிடித்து அவற்றைப் பார்த்து மகிழ்ந்தனர். அது அங்கே ஒரு வேடிக்கைக் காட்சியாகவே ஆகிவிட்டது. துரௌட் ஏரியிலோ, மெலிந்த ஒரு கரடி அக்கோடை முழுவதும் முகாமிட்டோரின் உணவைப் பறித்துத் தின்று, மனிதரைக் கண்டு அஞ்சாத நிலையை அடைந்திருந்தது. முறைப்பாடுகளும் செய்யப்பட்டிருந்தன. கரடிக்கு உணவிடலாகாது என்ற விதியும் அப்போதே இருந்தது. விதி இருந்தது, அதைக் காத்தவர் இல்லை.

அடுத்த நாட்களில் துப்பாக்கிகள் முழங்கின. இரு இடங்களிலும் கரடிகள் சுட்டுக் கொல்லப்பட்டன. நாட்டிலுள்ள கிறிஸ்லிகள் எல்லாவற்றையும் ஒழித்துவிட வேண்டும் என்று கேட்டவர்களும் இருந்தனர். நல்லவேளையாக, பூங்காவினர் குப்பைமீது போர் தொடுத்தனர். மலைக்குக் கொண்டுசெல்லும் ஒவ்வொரு பேணியும் தாளும் உணவுத்துண்டும் திரும்பக் கொண்டுவரப்படல் வேண்டும் என்றனர். முகாம்களில் சமைக்கும் இடம் வேறு, உறங்கும் இடம் வேறு என்று பிரித்தனர். இரவில் உணவுப் பைகளை உயரக் கட்டித் தூக்குவதற்கு வசதி செய்தனர். கரடி நடமாடும் பாதைகளைத் தயங்காது மூடினர். நாம் காலையில் வாசித்த அறிவித்தற் பலகை அந்த இரவின் வழிவந்தது.

தெற்கேயுள்ள யெலோஸ்டோன் பூங்காவின் கதை இன்னும் வினோதமானது. குப்பைமேட்டுக் கரடிகளைப் பார்ப்பதற்கென்று அங்கே ஒருகாலத்தில் வரிசைவரிசையாக ஆசனங்கள் போட்டிருந்தனர்! 1959இல் கிறேய்ஹெட் சகோதரர்கள் அங்கே கிறிஸ்லிகளை ஆராயத் தொடங்கினர். 1961இல் ஒரு பெண் கரடியின் கழுத்திலே சிறு வானொலிப் பரப்பியைப் பூட்டி, அதன் நடமாட்டத்தைத் தொடர்ந்தனர். வானொலி நேயர்களாகிய நீங்கள் இதனை விரும்புவீர்கள்: தன் இருப்பிடத்தைத் தானே ஒலிபரப்பிய முதற் கிறிஸ்லி அது. 1970ஐ ஒட்டி அங்குள்ள குப்பைமேடுகள் மூடப்பட்டன. படிப்படியாக மூடுக என்று சகோதரர்கள் வாதிட்டனர், விரைவாகவே மூடினர். பழகிய உணவை இழந்த கரடிகள் முகாம்களுக்குள் புகுந்தன, பல கொல்லப்பட்டன. எவர் பக்கம் நியாயம் என்பதில் அறிஞரிடையே நீண்ட விவாதம் நடந்தது. ஆனால் உணவிட்டுப் பழக்கிய கடனைத் தீர்த்தவை கரடிகளே என்பதில் ஐயமில்லை.

1975இல், அலாஸ்கா நீங்கலாக, ஐக்கிய அமெரிக்காவின் கிறிஸ்லிகள் அருகிவரும் இனமாகச் சட்டத்தினாற் பாதுகாக்கப்பட்டன. பின்னர், கிளேசியர் பூங்காவையும் அதனைச் சூழ்ந்த காடுகளையும் உள்ளடக்கி ஒரு பெரிய கணக்கெடுப்பு நடந்தது. கரடி உராயும் மரங்களிலும் கட்டிவைத்த முட்கம்பிகளிலும் ஒட்டிய மயிரைச் சேகரித்து, பரம்பரைக் கூறுகளைச் சோதித்து, ஒவ்வொரு கரடியையும் தனித்தனியே இனங்கண்டனர். ஒரு கரடியையும் பிடிக்காமல், துன்புறுத்தாமல் எடுத்த கணக்கு அது. 2004ஆம் ஆண்டுக்கு அவர்கள் கண்ட மதிப்பு 765 கிறிஸ்லிகள். எதிர்பார்த்ததினும் அது மிகுதி. மனிதர் வருகை பெருகிய அதே காலத்தில் கரடிகளும் பெருகின.

அணில் இன்னும் நிற்கிறது. பிஸ்கற்றுப் பொதியை மூடி எழுவோம்.

நீர்வீழ்ச்சிக்கு அப்பால் ஒரு கிளைவழி வலப்புறமாகப் பிரிந்து உயர்கிறது. 1930களை ஒட்டிய காலத்தில் மலையைக் குடைந்து அமைத்த ஒரு சுரங்கப்பாதைக்கு அது செல்லும். நமது வழி நேரே. மரங்கள் குறைகின்றன, காற்றுக் குளிர்கிறது, பாதையோரத்தில் அழுக்கேறிய பழம்பனி தென்படுகிறது. சிற்றோடை ஒன்றைக் கடந்து புல்மேடொன்றில் ஏறியதும் ஏரி காலடியில் விரிகிறது.

மூன்று புறமும் மதில். ஏறத்தாழ 3,000 அடி உயரமாகக் கற்சுவர்கள் நேரே எழுந்து நிற்கின்றன. முற்காலத்துப் பனிக்கட்டியாறு மலையைக் கிண்ணம்போலக் குடைந்துவிட்ட இத்தகைய இடத்தைப் புவியியலார் வட்டக்குகை என்பர். சுவர்களின் நிழலால் சூரிய ஒளி இங்கே குறைந்த நேரமே விழும். அதனால் குளிர்காலத்துப் பனி கோடையிலும் முற்றாக உருகுவதில்லை. நீல நீரிலே வெண்மையான பாளங்கள், சில மேசையளவு, சில வீட்டளவு, ஒன்றோடொன்று உரசி மெல்ல ஒலியெழுப்பி மிதக்கின்றன. நீரில் கை வைத்தால் எலும்பு நோகும். அதற்குள்ளும் குதித்து அலறிக்கொண்டு வெளியேறும் இளைஞர்கள் உண்டு. இளமைக்கு அதுவும் வேண்டும்.

இந்தக் குளிரும் நிலையானதன்று. 25 ஏக்கருக்குக் குறையாத பரப்பும் பெயரும் உடைய பனிக்கட்டியாறுகள் 1966இல் இப்பூங்காவில் 35 இருந்தன. 2015இல் எஞ்சியவை 26. பூங்காவின் பெயரே பனிக்கட்டியாறு என்பதனால், அப்பெயர் தன் பொருளை இழக்குமோ என்று அங்கு வருவோர் கேட்பது வழக்கமாகிவிட்டது.

கரையிலே பகலுணவு. தோடம்பழத் தோலும் பையினுள்ளே செல்கிறது. அது மண்ணில் உக்கிவிடுமே என்று வாதாடும் ஒருவர் எக்கூட்டத்திலும் இருப்பார். உக்குவதற்குமுன் மோப்பம் பிடிக்கும் மூக்கு ஒன்று அங்கே உண்டு என்பதை மற்றொருவர் எடுத்துச் சொல்வார். வெயில் சுவர்மேல் ஏறிவிட்டது. திரும்பும் வழியில், மேலே வருகின்ற ஒரு குடும்பம் எதிர்ப்படுகிறது. வணக்கத்துக்கு அடுத்தபடியாக அவர்கள் கேட்பது, "ஏதேனும் கண்டீர்களா?" என்பதே. நீர்வீழ்ச்சிக்கு எதிரேயுள்ள சரிவிலே, தூரத்தில், தவிட்டு நிறமான ஒன்று தலை நிமிராமல் மேய்வதைக் கைநீட்டிக் காட்டுகிறோம். அவர்கள் சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டு, குழந்தைகளை நடுவில் விட்டு, பாட்டொன்றை உரக்கப் பாடிக்கொண்டு மேலே நடக்கிறார்கள்.